ஜீப் இறங்கும் நேரத்து ஆராதனை



இறையியல் படித்துப் பட்டம் பெற்று ஆயராகப் போகும் உங்களில் சிலருக்குத் தேனிப் பக்கம் சேகரம், அதாவது சில ஊர்ச் சபைகளின் பொறுப்பு, கிடைக்கும். மதுரை நகரச் சபையை எதிர்பார்த்தவருக்குச் சின்னமனூர்ப் பக்கம் ஒரு சிற்றூர் வாய்த்தால் முகம் வாடத்தான் செய்யும். ஞாயிறு காலை கோயிலில் நாலு பாட்டிமார் இருப்பார்கள். இளவட்டம் திருப்பூரில். இதைப் பார்த்து, சபை செத்துவிட்டது என்று அறிக்கை எழுதிவிடாதீர்கள்.

சபை மெலிந்ததற்குக் காரணம் உண்டு. 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்கன் மிஷனின் கிராமச் சபைகளைத் தாங்கியவர்கள் உபதேசியார்கள். ஆயர் எப்போதோ வருவார். பிள்ளைகளுக்கு எழுத்தும் சாவு வீட்டில் ஜெபமும் உபதேசியார் பொறுப்பு. வெளிநாட்டுப் பணம் வற்றியபின் உபதேசியார்களும் அருகிப்போனார்கள். ஒரே ஆயர் பல ஊர்களுக்கு அலைகிறார்.

பதிவேட்டில் பெயர் குறைவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுக்கிறது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த கதவு இவர்களுக்கு இன்றும் திறக்கவில்லை. பிள்ளையின் கல்லூரி இடத்துக்காகச் சான்றிதழில் ஒரு மதம், வீட்டில் ஒரு மதம் என்று வாழ்பவரிடம் போய் விசுவாசம் போதாது என்று பிரசங்கம் செய்யாதீர்கள். அது அநியாயம்.

ஆயர் எப்போதோ வரும், உபதேசியாரும் இல்லாத ஊரில் தலைமைக்கு யார்? விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டம் போகும் பெண்களைப் பாருங்கள். அட்டைக்கடியோடு பொழுது சாய இறங்கி, உலை வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு நோயாளிக்கு ஜெபிக்கவும் போகிறவர்கள். உபதேசியார் வேலையைச் சம்பளமில்லாமல் இவர்கள்தான் செய்கிறார்கள். உள்ளூர்க்காரரை நம்புவது புதிதல்ல. 1912இல் தெலுங்கு நாட்டு டோர்னக்கல் பேராயரான அசரியா, நம் வெள்ளாளன்விளைக்காரர், கிராமச் சபைகளை உள்ளூர் ஆசிரியர்களை நம்பித்தான் வளர்த்தார். நம் தென்னிந்தியத் திருச்சபை 1976இலேயே பெண்ணுக்குக் குருப்பட்டம் தந்தது. ஊர்க் கோயில் சாவியைத் தரத்தான் இன்னும் கை வரவில்லை!

புதுக் கோபுரம், பெரிய ஒலிபெருக்கி, மூன்று நாள் கன்வென்ஷன் என்று தொடங்காதீர்கள். முதல் வாரமே ஜீப் நிற்கும் இடத்துக்குப் போங்கள். ஆராதனையை எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வைத்தால் தோதுப்படும் என்று அந்தப் பெண்களிடம் கேளுங்கள். இரவு எட்டு என்றால் எட்டுதான். வேதம் வாசிக்கவும் காணிக்கைக் கணக்கு எழுதவும் அவர்களில் இருவரைப் பழக்குங்கள். சபைக் கமிட்டியில் சத்தம் வரும். வரட்டும், உங்களுக்கு மாற்றல் வந்தபின்னும் அந்த ஊரில் இருக்கப்போகிறவர்கள் அவர்கள்தானே.