கடிதம் வந்தால் முதலில் எங்களிடம் காட்டுங்கள்

(வத்திராயிருப்பில் நடந்த கல்வி உதவி வழங்கும் கூட்டத்தில் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)



நோட்டுப் புத்தகமும் கல்லூரிக் கட்டணமும் கொடுத்து முடித்தாயிற்று. பிள்ளைகள் கிளம்பும் அவசரத்தில் இருப்பது தெரிகிறது. பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று பேச வேண்டிய விஷயம் எங்கள் தவறிலிருந்தே தொடங்குகிறது.

சென்ற ரமலானுக்குப் பிறகு நம் மஹல்லாவின் தாயார் ஒருவர் வட்டியில்லாக் கடன் கேட்டு அலுவலகத்துக்கு வந்தார். மகன் இரத்ததானக் குழு நடத்துகிறவர், நல்ல பையன். "அமெரிக்க அரசாங்க மானியத்தில் இளம் தலைவர்கள் பயணத்துக்கு நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்" என்று அவருக்கு மின்னஞ்சல் வந்திருந்தது. மேலே கழுகு முத்திரை, கீழே கையெழுத்து. பதிவுக் கட்டணம் 45,000 ரூபாய். நகையை அடகு வைத்துப் பாதியைக் கட்டிவிட்டார்கள், மீதிக்குத்தான் கடன். அந்தக் கடிதத்தைப் பார்த்து நாங்களும் மயங்கினோம். "நம்ம ஊருக்கே பெருமை" என்று கமிட்டியில் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினோம். காசோலை எழுதும் நேரத்தில் ஒரு கல்லூரி மாணவிதான் கேட்டார்: "அரசாங்கமே செலவு செய்து கூப்பிடுகிறது என்றால், நம்மிடம் எதற்குப் பணம் கேட்கிறார்கள்?" எங்களில் யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை.

அதன் பிறகுதான் விசாரித்துப் படித்தோம். படித்ததைச் சொல்கிறோம்.

அப்படி ஒரு திட்டம் நிஜமாகவே இருக்கிறது. ஏமாற்றுக்காரனுக்கு வசதியாகப் போனதும் அதுதான். அதன் பெயர் சர்வதேச வருகையாளர் தலைமைத்துவத் திட்டம். 1940இல் லத்தீன் அமெரிக்கப் பத்திரிகையாளர்களை அழைத்ததில் தொடங்கியது. இன்றுவரை உலகெங்கும் இருந்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போய் வந்திருக்கிறார்கள். எகிப்தின் அன்வர் சாதாத் 1966இலும், பிரிட்டனின் மார்கரெட் தாட்சர் 1967இலும் போனவர்கள். இருவரும் அப்போது நாட்டின் தலைமைப் பதவிக்கு வந்திருக்கவில்லை. நம் இந்திரா காந்தி அம்மையார் பெயரும் அந்தப் பட்டியலில் உண்டு. நாளைக்குப் பெரிய இடத்துக்கு வரக்கூடியவரை இன்றைக்கே அழைத்துப் பழகிக்கொள்வது அவர்கள் கணக்கு. அதில் அவர்களுடைய அரசியலும் இருக்கிறது, நாம் ஒன்றும் குழந்தைகள் இல்லை. ஆனாலும் ஒரு மருத்துவரோ பத்திரிகையாளரோ ஆசிரியரோ மூன்று வாரம் இன்னொரு நாட்டின் ஆஸ்பத்திரியையும் பள்ளிக்கூடத்தையும் பார்த்துவிட்டு வந்தால் லாபம் நமக்கும்தான்.

பணம் எப்படி நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை அந்த நாட்டிலேயே உள்ள சேவை நிறுவனங்களுக்கு மானியம் தருகிறது. பயணத் திட்டம், சந்திப்பு, தங்குமிடம் எல்லாம் அந்த நிறுவனங்கள் பொறுப்பு. ஒவ்வொரு ஊரிலும் உள்ள தன்னார்வக் குடும்பங்கள் விருந்தாளியை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகின்றன. முஸாஃபிருக்குச் சோறு போடுவது நமக்குத் தெரியாததா? போகிறவருக்கு விமானச் சீட்டும் அன்றாடச் செலவும் கிடைக்கும். அந்த அரசே அழைத்துச் செல்பவர்களுக்கு விசா கட்டணம்கூடக் கிடையாது. முக்கியமான விஷயம், அதற்கு விண்ணப்பமே இல்லை. நம் பகுதி என்றால் சென்னைத் துணைத் தூதரகம் கவனித்துப் பெயர் சொல்லும், வாஷிங்டன் முடிவு செய்யும். ஆகவே "விண்ணப்பித்துத் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னாலே அது பொய். அங்கே வேலை கிடைக்கும் என்று சொன்னால் இன்னொரு பொய். அரசுப் பணத்தில் போகிறவர் பொதுவாக இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்த பிறகுதான் அங்கே குடியேறக் கேட்க முடியும்.

விண்ணப்பிக்கக்கூடியவை வேறு உண்டு. ஃபுல்பிரைட் உதவித்தொகை 1946இல், போருக்குப் பின் மிஞ்சிய இராணுவத் தளவாடங்களை விற்ற பணத்தில் தொடங்கியது. இந்தியாவுடன் 1950 பிப்ரவரியில் ஒப்பந்தம் ஆனது. 2008இலிருந்து நம் அரசும் சரிபாதி போடுகிறது, அதனால் ஃபுல்பிரைட்-நேரு என்று பெயர். பிரிட்டன் 1983 முதல் செவனிங் என்று ஒன்று நடத்துகிறது. பட்டமும் இரண்டு வருட வேலை அனுபவமும் கேட்பார்கள், விண்ணப்பத்துக்குக் காசு கேட்பதில்லை. முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளின் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2002இல் அமெரிக்கா தொடங்கிய திட்டத்திலும் இந்தியா இடம்பெற்றது. ஒரு கல்வியாண்டு அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிப்பது அது. பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று அத்தாமார்கள் யோசிப்பது புரிகிறது. அதை வீட்டில் உட்கார்ந்து, அந்தப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். தெரியாமலே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. இவையெல்லாம் அந்தந்த அரசு ஒதுக்கும் பணத்தை நம்பியவை. 2025 பிப்ரவரியில் அமெரிக்க அரசு பரிமாற்றத் திட்டங்களின் மானியத்தை நிறுத்திவைத்தபோது, ஏற்கெனவே போயிருந்தவர்களும் தவித்தார்கள். பிளவக்கல் அணையில் தண்ணீர் திறப்பதைப் போலத்தான். மேலே மடையை அடைத்தால் கீழே நட்ட நாற்று நிற்கும். அதனால் கல்லூரிச் சேர்க்கையை விட்டுவிட்டு இதையே நம்பி யாரும் உட்கார வேண்டாம்.

நம் நாடும் வாங்குகிற கையாக மட்டும் இல்லை. 1950இல் மௌலானா அபுல் கலாம் ஆசாத் தொடங்கிவைத்த இந்தியக் கலாசார உறவுகள் கழகம் வெளிநாட்டு அறிஞர்களை விருந்தினராக அழைக்கிறது. 1964 செப்டம்பர் 15 முதல் ஐடெக் என்ற திட்டத்தில் வளரும் நாடுகளின் அதிகாரிகளை வரவழைத்து, விமானச் செலவும் தங்குமிடமும் கொடுத்துப் பயிற்சி தருகிறோம். சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாலை நிறுவனத்துக்கு வெளிநாட்டுப் பொறியாளர்கள் வருவது அப்படித்தான். ராஜஸ்தானின் திலோனியா கிராமத்துக்கு ஆப்பிரிக்கப் பாட்டிமார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், வந்து ஆறு மாதம் தங்கிச் சூரியவிளக்கு பொருத்தக் கற்றுப் போனதும் இந்தப் பணத்தில்தான். எங்களுக்கு இதில் பிடித்த செய்தியே அதுதான்.

சகோதரர் ஒருவர் கேட்டார்: "அந்த மானியத்தை நம் அறக்கட்டளையே வாங்கி நம் பிள்ளைகளை அனுப்பலாமே?" முடியாது. வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் 2010இன்படி உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் எந்த அறக்கட்டளையும் வெளிநாட்டுப் பணம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. நம்மிடம் அந்தப் பதிவு இல்லை. நல்ல எண்ணத்தில் வளைகுடாவிலிருந்து பணம் அனுப்ப நினைக்கும் வெளிநாட்டு நண்பர்களிடமும் இதைச் சொல்லிவையுங்கள். மாணவர் ஒருவர் தம் பெயரில் பெறும் கல்வி உதவித்தொகைக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் நம்மில் அரசுப் பணியில் இருப்பவர்கள், அரசியல் கட்சிப் பொறுப்பில் இருப்பவர்கள், வெளிநாட்டு அரசின் செலவில் விருந்தினராகப் போவதற்கு முன் மத்திய அரசின் அனுமதி பெற்றாக வேண்டும். நிஜமான அழைப்பு வந்தாலும் இதை மறந்துவிட வேண்டாம்.

அந்தத் தாயாரின் பணம் இன்னும் திரும்பவில்லை. 1930 என்ற எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். நகையை மீட்க, அவர் கேட்ட கடனை அதற்கே மாற்றிக் கொடுக்கக் கமிட்டி சம்மதித்துவிட்டது. அவர் பெயரை யாரும் விசாரிக்க வேண்டாம், தயவுசெய்து.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அஸருக்குப் பிறகு அலுவலகம் திறந்திருக்கும். வெளிநாட்டுப் படிப்பு, பயணம், பரிசு என்று எந்தக் கடிதம் வந்தாலும் பணம் கட்டும் முன் கொண்டுவாருங்கள். அன்று கேள்வி கேட்ட மாணவியும் இன்னும் இரண்டு பட்டதாரிகளும் உட்கார்ந்து படித்துச் சொல்வார்கள். பாஸ்போர்ட் விண்ணப்பம் எழுதவும், ஆங்கிலத்தில் தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதிப் பழகவும் அவர்களே உதவுவார்கள், இன்ஷா அல்லாஹ். வரும்போது கடிதத்தின் நகலையும், வந்த மின்னஞ்சல் முகவரியையும் மறக்காமல் எடுத்துவாருங்கள்.