மூச்சோடு உள்ளே போகும் தண்ணீர்க் கிருமி



தண்ணீரால் வரும் நோய் என்றால் காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை என்று நமக்குத் தெரியும். காய்ச்சி ஆறவைத்துக் குடித்தால் பயமில்லை. இன்றைக்குச் சொல்லப் போகிற கிருமி வேறு தினுசு. குடிப்பதால் பெரும்பாலும் வராது. தண்ணீர் பனிபோலத் தூவும்போது அந்தச் சாரலை மூச்சில் இழுத்தால், நுரையீரலில் போய் உட்கார்ந்து நிமோனியாவை உண்டாக்கிவிடும். பெயர் லெஜியோனெல்லா.

1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், 'அமெரிக்கன் லீஜியன்' என்கிற மாஜி ராணுவத்தார் சங்கம் பெல்வியூ ஸ்ட்ராட்போர்ட் ஹோட்டலில் மாநாடு நடத்தியது. வீடு திரும்பியவர்கள் ஒவ்வொருவராகக் காய்ச்சலில் படுத்தார்கள். மொத்தம் 221 பேருக்கு நோய். 34 பேர் இறந்துபோனார்கள். காரணம் தெரிய ஆறு மாதம் ஆயிற்று. 1977 ஜனவரியில் ஜோசப் மெக்டேட் என்ற விஞ்ஞானி கிருமியைக் கண்டுபிடித்தார். ஏர்கண்டிஷனுக்கான நீர்க் கோபுரத்திலிருந்து சாரல் பரவியிருக்க வேண்டும் என்று கருதினார்கள். சங்கத்தின் பெயரே கிருமிக்கும் வந்துவிட்டது.

அமெரிக்க ஹோட்டல் கதை நமக்கு எதற்கு என்பீர்கள். ஏனுங்க, சாரல் தூவுகிற சாதனம் நம் ஊரில் இல்லையா? பல்லடம் பக்கம் கறிக்கோழிக் கொட்டகைகளில் சித்திரை வெய்யிலுக்கு ஃபாகர் ஓடுகிறது. காளான் குடிலிலும் அப்படியே. கோவை நூற்பாலைகளில் காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறுந்துபோகும் என்று, தண்ணீரைத் தூவி, அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுழற்றுகிற பிளாண்ட் இருக்கிறது. காட்டு வேலை குறைந்தால் நம் பிள்ளைகள் ஷிப்டுக்குப் போவது அங்கேதான். அங்கெல்லாம் கிருமி இருக்கிறது என்று பயமுறுத்த வரவில்லை. இருந்தால் பரவ வழி இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆறு, குளத்துத் தண்ணீரில் இது கொஞ்சமாக இருக்கவே செய்யும். 20 முதல் 45 டிகிரிச் சூட்டில், அசையாமல் நின்ற தண்ணீரில்தான் பெருகும். நம் மொட்டை மாடிக் கறுப்பு டேங்க்கைக் கோடையில் தொட்டுப் பாருங்கள்! சிறுவாணித் தண்ணீராகவே இருக்கட்டும், தினமும் வராததால் பிடித்து வைக்கிறோம். நாள் ஆக ஆக அதிலுள்ள குளோரின் வீரியம் போய்விடுகிறது. தொட்டிச் சுவரை விரலால் தேய்த்தால் வழவழவென்று இருக்கிறதே, அதுதான் இதற்கு வீடு. அங்கே வாழும் அமீபாவின் உடம்புக்குள் புகுந்து பெருகுகிறது. ஆகவே மருந்தை மட்டும் ஊற்றினால் போதாது. தேய்த்துக் கழுவ வேண்டும்.

60 டிகிரிக்கு மேல் கிருமி சில நிமிடங்களில் செத்துப்போகும். செம்புப் பாய்லரில் கொதிக்கவிட்டு விளாவிக் குளித்த பாட்டிமார் இந்த வகையில் கெட்டிக்காரர்கள்.

ஃபாகர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, பேட்ச் எடுத்துக் கொட்டகை காலியாக இருக்கும் நாட்களை. அப்போதுதான் குழாயில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. தொட்டியைக் காலி செய்து பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். புதுத் தண்ணீர் நிரப்பி, 1000 லிட்டருக்கு 150 கிராம் வீரியமுள்ள பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். நாஸில்களைக் கழற்றி வைத்துவிட்டுக் குழாயின் கடைசி வரை ஓடவிட்டு, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் நிற்கட்டும். பிறகு திறந்துவிட்டு, வாசனை போகும்வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். இந்தத் தண்ணீரை ஆடு மாடும் குடிக்கக்கூடாது. தொட்டிக்கு மூடியும் மேலே கீற்று நிழலும் போட்டால் தண்ணீர் அவ்வளவாகச் சூடேறாது.

நோய் வந்தால்? இரண்டு முதல் பத்து நாளில் கடுங்காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சிரைப்பு. சிலருக்கு வயிற்றுப்போக்கும் புத்தித் தடுமாற்றமும். ஐம்பது தாண்டியவர்கள், பீடி சிகரெட் பிடிப்பவர்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பத்து நோயாளிகளில் ஒருவர் இறக்கக்கூடிய நோய் இது. சாதாரணமாக ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது, நோயாளியை ஒதுக்கி வைக்க வேண்டாம். மருத்துவரிடம் போனால், "சாரல் அடிக்கிற கொட்டகையில் வேலை பார்க்கிறேனுங்க" என்று கேட்காமலே சொல்லிவிடுங்கள். பென்சிலின் வகை மருந்துகள் இதற்குக் கேட்பதில்லை. அஸித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின் போன்றவைதான் கேட்கும். எதைக் கொடுப்பது என்று அவர் தீர்மானிக்க, நீங்கள் சொல்லும் அந்த ஒரு வார்த்தை உதவும்.