திருவிழாவில் எல்லாருக்கும் ஒரு வேலை

(நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வரும் பொங்கல் விழாவைப் பற்றியும், கோடை விடுமுறையில் நடத்த நினைக்கும் முகாமைப் பற்றியும் பத்து நிமிடம் பேசுங்கள் என்றார் செயலாளர். எனக்குச் சொந்த ஊர் தென்னேரி. வாலாஜாபாத் பக்கம் போனவர்கள் அந்தப் பெரிய ஏரியைப் பார்த்திருப்பீர்கள். திரையன் ஏரி என்பதுதான் மருவித் தென்னேரி ஆயிற்று, அது தொண்டைமான் இளந்திரையன் பெயர் என்று ஊரில் சொல்வார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்துக் கோயில் விழாக்களில் இருந்து நம் அடுக்குமாடிக்கு எதை எடுத்துக்கொள்ளலாம் என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

முதலில் நம் கதை. பந்தல், மைக் செட், சாப்பாடு, பாட்டுக் கச்சேரி என்று நம் விழாவில் எல்லாவற்றுக்கும் ஆள் வைத்துவிடுகிறோம். நாற்காலி போட்டிருக்கிறார்கள், நாம் போய் உட்காருகிறோம். பிள்ளைகள் கொஞ்ச நேரம் மேடையைப் பார்த்துவிட்டு போனுக்குப் போய்விடுகிறார்கள். முட்டிவலி உள்ள பெரியவர்கள் பால்கனியில் இருந்தே கேட்டுக்கொள்கிறார்கள். வாசலில் நிற்கும் செக்யூரிட்டி தம்பிகளுக்குக் கடைசிப் பந்தியில் என்ன மிச்சமோ அதுதான். யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. விழாவைக் காசு கொடுத்து வாங்கினால் நாம் வாடிக்கையாளர் ஆகிவிடுகிறோம். கடைக்கு வந்தவருக்கு என்ன வேலை இருக்கும்? சாமானைப் பார்ப்பார், நன்றாக இல்லை என்பார், போய்விடுவார். விழா முடிந்த மறுநாள் நம் வாட்ஸ்அப் குழுவைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இப்போது எங்கள் பக்கத்துக்கு வாருங்கள். மாட்டுப் பொங்கல் அன்று காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பழையசீவரத்துக்கு வருவார். பார்வேட்டை உற்சவம் என்று பெயர். முத்தியால்பேட்டை, ஐயம்பேட்டை, வாலாஜாபாத் என்று வழிநெடுக ஊர் ஊராக நின்று மண்டகப்படி வாங்கிக்கொண்டு வருவார். பழையசீவரம் மலை மேல் திருமஞ்சனம் நடக்கும். பிறகு அந்த ஊர் லட்சுமி நரசிம்மரும் கூடச் சேர்ந்துகொள்ள, பாலாற்றைக் கடந்து அக்கரையில் இருக்கிற திருமுக்கூடல் போவார்கள். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம் அது. சாலவாக்கத்தில் இருந்து சீனிவாசப் பெருமாளும், காவாந்தண்டலத்தில் இருந்து லட்சுமி நாராயணரும் அங்கே வந்துவிடுவார்கள். திருமுக்கூடல் அப்பன் வெங்கடேசப் பெருமாளோடு சேர்த்து ஐந்து பெருமாள்கள் ஒரே இடத்தில். சுற்றி இருக்கிற உத்திரமேரூர் கிராமங்கள் எல்லாம் அன்றைக்கு அங்கேதான்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான். வழியில் இருக்கிற ஒவ்வொரு ஊருக்கும் அன்றைக்கு ஒரு பொறுப்பு உண்டு. மண்டகப்படி என்பது அதுதான். பந்தல் போட ஆள் வேண்டும். கோலம் போட வேண்டும். மாலை கட்ட வேண்டும். நடந்து வருகிறவர்களுக்கு மோரும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். பல்லக்குத் தூக்கத் தோள் வலு உள்ளவர்கள் வேண்டும். எந்த நேரத்துக்கு எது நடக்க வேண்டும் என்று சொல்ல வயதானவர் ஒருவர் வேண்டும். பிள்ளைகள் தெருமுனையில் நின்று, சாமி வருகிறது என்று ஓடிவந்து சொல்ல வேண்டும். வேலை இருக்கிறவருக்கு அது தன் விழா. வேலை இல்லாதவருக்கு அது வேடிக்கை. எல்லா வயதுக்குமான விழா என்று நோட்டீஸில் அடித்தால் மட்டும் அப்படி ஆகிவிடாது. ஒவ்வொரு வயதுக்கும் ஒரு வேலை ஒதுக்கினால்தான் ஆகும்.

இன்னொரு விழா. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஐயங்கார்குளத்தில் நடவாவிக் கிணறு இருக்கிறது. தரைக்குக் கீழே படி இறங்கிப் போனால் தூண்கள் சூழ்ந்த மண்டபம், அதன் நடுவில் கிணறு. சித்ரா பௌர்ணமி அன்று வரதர் அதற்குள் இறங்குவார். வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கிற இடம் அது. விழாவுக்கு முன்னால் தண்ணீரை இறைத்து மண்டபத்தைச் சுத்தம் செய்தால்தான் சாமி இறங்க முடியும். பார்த்தீர்களா, விழா வருகிறது என்பதால் ஒரு நீர்நிலை வருடா வருடம் இறைத்துச் சுத்தமாகிறது. நம்மிடம் கிணறு இல்லை. ஆனால் மழைநீர் சேமிப்புத் தொட்டி இருக்கிறது. அதன் மூடியைக் கடைசியாக எப்போது திறந்தோம் என்று யாருக்காவது நினைவிருக்கிறதா? போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து பார்ப்பதில் இருந்து நம் பொங்கல் தொடங்கட்டும் என்பது என் யோசனை. தொட்டிக்குள் இறங்குவது மட்டும் பயிற்சி உள்ள ஆட்கள் வேலை. பிள்ளைகளும் நாமும் மேலே வாய்க்கால், ஜல்லி, இலைச் சருகு பார்த்துக்கொள்ளலாம்.

முகாம் விஷயத்துக்கு வருகிறேன். கோயிலில் முகாம் என்பது ஏதோ வெளிநாட்டில் இருந்து வந்த பழக்கம் என்று ஒருவர் சொன்னார். அங்கேயும் நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. வெளிநாடுகளில் இருக்கிற நம் பிள்ளைகளுக்குக் கோயில்தான் தமிழ் வகுப்பும் பாட்டு வகுப்பும். ஆனால் நம் பக்கத்துக் கோயிலில் என்ன நடந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐந்து பெருமாள்கள் கூடுகிறார்கள் என்று சொன்னேனே, அதே திருமுக்கூடல் கோயில் சுவரில் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வீரராசேந்திர சோழன் காலத்தது. கோயிலைச் சேர்ந்து ஒரு பள்ளி, மாணவர்கள் தங்கிப் படிக்க விடுதி, ஓர் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை. மருத்துவமனையில் 15 படுக்கைகள். ஒரு மருத்துவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர இரண்டு பேர், மருந்து காய்ச்சவும் நோயாளிகளைக் கவனிக்கவும் இரண்டு பெண்கள், ஒரு நாவிதர், தண்ணீர் கொண்டுவர ஒருவர். இவர்களுக்கு என்ன கூலி, இருப்பில் என்னென்ன மருந்து வைத்திருக்க வேண்டும் என்பது வரை வெட்டி வைத்திருக்கிறார்கள். மாணவர்களுக்குச் சாப்பாட்டோடு சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு எண்ணெய் கூட ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு பிள்ளையைத் தங்க வைத்துப் படிக்க வைத்தால் அதன் தலைக்கு எண்ணெய் யார் வைப்பது என்று யோசித்திருக்கிறார்கள்.

நம் முகாமும் அந்த மாதிரி இருக்க வேண்டும். சுலோகம் ஒப்பிக்கும் போட்டி, மாறுவேடப் போட்டி, பரிசு, போட்டோ என்று மூன்று நாளில் முடித்துவிடக் கூடாது. மூன்று நாளிலும் மூன்று காரியம் செய்யலாம். முதல் நாள் திருமுக்கூடலுக்கும் உத்திரமேரூருக்கும் வேன் வைத்துப் போய் வருவோம். இரண்டாம் நாள் உழவாரப் பணி. அப்பர் பெருமான் கையில் உழவாரப்படை பார்த்திருப்பீர்கள். கோயில் பிராகாரத்துப் புல்லைச் செதுக்கியவர் அவர். பக்கத்தில் சின்னக் கோயில் ஒன்றில், நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, பிராகாரத்தில் புல் எடுக்கலாம், எண்ணெய்ப் பிசுக்கு துடைக்கலாம், விளக்கு தேய்க்கலாம். கல்வெட்டு இருக்கிற சுவரைச் சுரண்டக் கூடாது, சுண்ணாம்பு அடிக்கக் கூடாது. மூன்றாம் நாள் மருத்துவ முகாம். நம் குடியிருப்பிலேயே டாக்டர்கள் இருக்கிறார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கண் பரிசோதனை. வீட்டு வேலைக்கு வருகிற அம்மாக்கள், தோட்டக்காரர், செக்யூரிட்டி, எதிரில் கட்டட வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும். பிள்ளைகள் டோக்கன் கொடுக்கட்டும், தண்ணீர் கொடுக்கட்டும், பெயர் எழுதட்டும்.

இங்கே இரண்டு கேள்வி வரும். கூட்டத்துக்கு முன்பே என்னிடம் கேட்டுவிட்டார்கள்.

ஒன்று, எல்லா வீட்டிலும் ஒரே மதம் இல்லை, மெயின்டனன்ஸ் பணத்தில் கோயில் விழா எப்படி நடத்தலாம் என்று. நியாயமான கேள்வி. நடத்தக் கூடாது என்பதுதான் என் பதில். விருப்பப்பட்டவர்கள் தருகிற பணத்தில், தனிக் கணக்கில் நடக்கட்டும். தராதவரிடம் யாரும் கதவைத் தட்டி இரண்டாவது தடவை கேட்கக் கூடாது. தொட்டி பார்க்கிற வேலையும் மருத்துவ முகாமும் எல்லாருக்கும் பொது. அதற்கு மதம் கிடையாது. வாசலில் பொங்கல் பானை பொங்குகிறபோது எந்த வீட்டுப் பிள்ளையும் வந்து நிற்கலாம். சட் பூஜைக்கு ஊருக்குப் போக முடியாமல் இங்கேயே இருந்துவிட்ட பீகார் தம்பிகள் நம் கேட்டில் நிற்கிறார்கள். அவர்களுக்கு முதல் பந்தி.

இரண்டாவது கேள்வி, கணக்கு. இதற்கு உத்திரமேரூரே பதில் வைத்திருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். ஊரை 30 குடும்பாகப் பிரித்தார்கள். 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்க வேண்டும். பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று பிரித்து வேலை கொடுப்பார்கள். 360 நாள்தான் பதவி. சமீபத்தில் வாரியத்தில் இருந்தவர் மூன்று ஆண்டு கழித்துத்தான் மறுபடி வரலாம். எல்லாவற்றையும் விட முக்கியமான விதி: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் அதன் பிறகு நிற்கவே முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது!

சிரிக்கிறீர்கள். ஆனால் நம் விழாக் குழுவில் ஆறேழு வருடமாக அதே நான்கைந்து பேர்தான். அவர்கள் பாவம், வேறு யாரும் வராததால் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஓய்வு கொடுப்போம். பிளாக் வாரியாகப் பெயர் வாங்கி, சீட்டுப் போட்டு, நம் வீட்டுச் சின்னப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வோம். குழுவுக்கு ஒரு வருடம். விழா முடிந்த பத்து நாளில் ரசீதுகளோடு கணக்கு லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட வேண்டும். சோழர் காலத்தில் பெண்களுக்கு அந்தக் குடத்தில் இடம் இருக்கவில்லை. நம் குடத்தில் பாதிச் சீட்டு அவர்களுடையது. வாடகைக்கு இருப்பவர்கள் பெயரும் உண்டு.

கடைசியாக, யாருக்கு என்ன வேலை. பத்து வயதுக்குள் இருப்பவர்கள் சீட்டு எடுப்பதும் தண்ணீர் கொடுப்பதும். பள்ளி மேல்வகுப்புப் பிள்ளைகள் பெரியவர்களிடம் போய் அவரவர் ஊர்த் திருவிழாவைக் கேட்டு எழுதி வர வேண்டும். அடுத்த இதழில் அதைப் போடுவதாக ஆசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கல்லூரிப் பிள்ளைகள் நாற்காலி, பந்தி, மைக். வேலைக்குப் போகிறவர்கள் பணமும் கணக்கும் சாமான் வாங்குவதும். மாலை கட்டத் தெரிந்தவர்கள், மாக்கோலம் போடத் தெரிந்தவர்கள், பொங்கல் பதம் தெரிந்தவர்கள் தங்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளையை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தபடியே செய்ய வேண்டும். கீழே இறங்க முடியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. பூவும் நாரும் முந்தின நாள் சாயங்காலமே அவர்கள் வீட்டுக்கு வந்துவிடும். அவர்கள் கட்டிக் கொடுக்கிற மாலைதான் சாமிக்கு முதல் மாலை. காலையில் அவர்களைக் கீழே கூட்டிவர வீட்டுக்கு இரண்டு பையன்கள் போவார்கள்.

செயலாளர் மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். வீட்டு எண், பெயர், வயது, என்ன வேலை செய்ய முடியும், இவ்வளவுதான் எழுத வேண்டும். எவ்வளவு பணம் தருவீர்கள் என்று அதில் கட்டம் இல்லை. கிளம்பும் முன் எழுதிவிட்டுப் போங்கள். பிள்ளைகளே, வீட்டுக்குப் போய் பாட்டி தாத்தா பெயரையும் கேட்டு நாளைக்குள் எழுத வைப்பது உங்கள் முதல் வேலை.