கடன் அட்டையும் கவனமும்



கடன் அட்டையைக் குறித்து மாணவர்களிடம் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். உங்களிற் பலரிடம் சொந்த அட்டை இராது என்பது உண்மையே. ஆயினும், இணையக் கடையில் வீட்டுப் பெரியோரின் அட்டை எண்ணை இட்டுப் பொருள் வாங்கித் தருபவர் பெரும்பாலும் நீங்களே. ஆகவே, வீட்டுப் பணப்பெட்டியின் சாவி ஒரு வகையில் உங்கள் கையில் இருக்கிறது.

நேரில் கடைக்குச் சென்றால் அட்டையையே எடுத்துக் கொடுக்கிறோம். இணையத்திலோ அட்டை வேண்டியதில்லை. அதன் எண், காலாவதியாகும் மாதமும் ஆண்டும், சி.வி.வி. எனப்படும் இரகசிய இலக்கங்கள் ஆகியவையே போதும். இவற்றை அறிந்த எவரும் அட்டைக்கு உரியவரைப்போல நடிக்க முடியும். இக்குறையை நீக்கவே, உள்நாட்டு இணைய வாணிகத்தில் இரண்டாவதாக ஒரு சரிபார்ப்பும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009ஆம் ஆண்டில் விதித்தது. கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. அத்தகைய இரண்டாவது பூட்டு. 2022 அக்டோபர் முதல், நம் அட்டை எண்ணைக் கடைக்காரர் தம்மிடம் சேமித்து வைப்பதும் தடுக்கப்பட்டது. அதற்கு ஈடாக டோக்கன் என்னும் மாற்றுக் குறி வழங்கப்படுகிறது.

பூட்டுகள் நல்லவைதாம். ஆனால், வீட்டுக்காரனே கதவைத் திறந்துவிட்டால் பூட்டு என் செய்யும்? இதற்குச் சான்று தேடி நான் வெளியே போக வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அகராதியை இணையத்தில் வாங்கினேன். மறுநாள் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. முகவரி முழுமையாக இல்லை என்றும், 5 ரூபாய் செலுத்தாவிடில் பொதி திருப்பி அனுப்பப்படும் என்றும் அது கூறியது. புத்தகம் திரும்பிவிடுமே என்ற பதற்றத்தில், அதிலிருந்த இணைப்பைத் தொட்டு அட்டை விவரங்களை இட்டேன். அப்பக்கத்தில் பூட்டுச் சின்னமும் இருந்தது. நாம் அனுப்புவது வழியில் பிறர் கண்ணிற் படாது என்பதைத்தான் அச்சின்னம் சொல்லும்; பெற்றுக்கொள்பவர் யோக்கியரா என்பதைச் சொல்லாது. அன்று இதை நான் அறியேன். பிறகு ஓ.டி.பி. வந்தது, எண்ணை மட்டும் பார்த்து இட்டுவிட்டேன். அச்செய்தியிலேயே தொகை 9,400 ரூபாய் என்று தெளிவாக எழுதியிருந்தது! வினாவை முழுதும் படித்தபின் விடை எழுதுங்கள் என்று முப்பதாண்டுக் காலம் மாணவர்க்குச் சொல்லி வந்தவன் நான்.

பிழை அத்தோடு நிற்கவில்லை. தலைமையாசிரியனாக இருந்தவன் ஏமாந்தான் என்று வீட்டாரிடம் சொல்ல நாணி, நான்கு நாள் வாளாவிருந்தேன். மகனைக் காண அயல்நாடு சென்றபோது திறந்துவைத்த அயல்நாட்டுப் பயன்பாட்டு வசதியும் மூடப்படாமற் கிடந்தது. அயல்நாட்டுக் கடைகள் பல ஓ.டி.பி. கேட்பதில்லை. மூன்றாம் நாள் அவ்வழியே மேலும் இரு தொகைகள் போயின. இரகசியத்தை நாமே கொடுத்துவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையுள்ள இழப்பு நம்முடையது. தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியுடையது. இது 2017இல் ரிசர்வ் வங்கி வகுத்த நெறி. எனவே, முதல் தொகை என் அவசரத்தின் விலை. பின்னிரண்டும் என் வெட்கத்தின் விலை.

விஷயம் அறிந்த என் பேத்தி கடிந்துகொள்ளவில்லை. "தாத்தா, முதலில் அட்டையை முடக்குவோம், மற்றதைப் பிறகு பேசலாம்" என்றாள்.

ஆதலால், கடையின் இணைய முகவரியை நீங்களே தட்டெழுதுங்கள். செய்தியில் வரும் இணைப்பின் வழியே செல்லாதீர்கள். ஓ.டி.பி.யை இடுமுன் தொகையையும் கடையின் பெயரையும் படியுங்கள். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னாலும் அதை எவர்க்கும் கூறாதீர்கள். இணையப் பயன்பாட்டையும் அயல்நாட்டுப் பயன்பாட்டையும் வேண்டும்போது திறக்கலாம், வேண்டாதபோது மூடலாம், உச்ச வரம்பும் வைக்கலாம். பணம் போய்விட்டால், அந்நிமிடமே வங்கிக்கு அறிவித்து அட்டையை முடக்குங்கள். 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள்.

இறுதியாக ஒன்று. உங்கள் வீட்டில் யாரேனும் ஏமாந்தால் நகையாதீர்கள். ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிக்கும் வீட்டில், அடுத்து ஏமாறுபவர் அதை மறைத்துவிடுவார். திருடனுக்கு வேண்டுவதும் அதுவே.