ஆலை வேண்டுமா, ஆறு வேண்டுமா?

(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பட்டம் பெற்றவன் அல்லன் நான். கல்லூரிப் படிகளில் ஏறியவன், பாதியிலே இறங்கியவன். எனக்குப் பாடம் சொன்னவை படிப்பகத்து மரப்பலகைகளும் நாடக மேடையின் படுதாக்களுந்தான். ஆகவே புள்ளிவிவரத்திலே தொடங்காமல், ஒரு வாளித் தண்ணீரிலே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், சாயத் தொழில் நடக்கும் ஓர் ஊருக்கு எங்கள் குழு நாடகம் நடத்தச் சென்றது. ஆட்டம் முடிந்தது. அரிதாரம் கலைக்கத் தண்ணீர் கேட்டேன். வாளி வந்தது. கையை விடப்போனேன். "வேண்டாம் அண்ணே! அரிதாரம் போயிடும், அரிப்பு வந்திடும்!" என்று தடுத்தார் கிளைச் செயலாளர். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுத்த தண்ணீர் அது! பிறகு, விலை கொடுத்து வாங்கி வந்த குடத்து நீரிலேதான் முகம் கழுவினேன். தண்ணீரைக் காசுக்கு வாங்கும் ஊரிலே, ஆறு ஓடிய தடம் கூப்பிடு தூரத்திலே கிடந்தது!

மறுநாள் அவ்வூர் ஆலை அதிபர் ஒருவரைக் காண நேர்ந்தது. இனிமையாகப் பேசினார், இளநீர் தந்தார். தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். இரண்டு விடைகள் வைத்திருந்தார். "சட்டம் சொல்கிறபடி நடக்கிறோம்" என்பது ஒன்று. "ஆலை வேண்டுமா, ஆறு வேண்டுமா? இரண்டிலே ஒன்றைச் சொல்லுங்கள்!" என்பது மற்றொன்று.

மேடையிலே வசனம் மறந்த நடிகனைப்போல விழித்தேன், தோழர்களே! ஆலை மூடினால் அடுப்பு அணையும். ஆறு செத்தால் ஊரே அணையும். எதைச் சொல்வேன், எதை விடுவேன்? அன்று சொல்ல முடியாத விடையை இன்று உங்களிடம் சொல்கிறேன். நான் கண்டுபிடித்த விடை அன்று அது. கடல் கடந்த நாட்டிலே, இதே இரண்டு விடைகளிலே முதலாவதைக் கையிலே வைத்திருந்த ஓர் ஆலை முதலாளி, கைநடுங்கி அதைக் கீழே போட்ட கதையிலே கிடைத்த விடை.

அமெரிக்க நாட்டின் ஜார்ஜியா மாநிலத்திலே லாகிரேஞ்ச் என்றோர் ஊர். அங்கே 1973-ஆம் ஆண்டு ரே ஆண்டர்சன் என்பவர் 'இன்டர்ஃபேஸ்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அலுவலகங்களிலே தரையை மூடக் கிடத்துகிறார்களே கம்பள விரிப்பு, அதனைச் சதுரச் சதுரமாகச் செய்து விற்பது தொழில். விரிப்பு என்றதும் ஆட்டு மயிரும் பருத்தியும் நினைவுக்கு வரும். இதுவோ எண்ணெயிலே பிறந்த விரிப்பு! இழை நைலான், அடித்தளம் பிளாஸ்டிக், ஒட்டும் பசை, ஏற்றும் சாயம், உருக்கும் வெப்பம் அனைத்தும் பூமிக்கடியிலே கிடந்த எண்ணெயும் எரிவாயுவும் தந்தவை. விரிப்பு கிழிந்தால் செல்லுமிடம் குப்பைமேடு. அங்கே அது மக்குவதுமில்லை, மண்ணாவதுமில்லை.

1994-ஆம் ஆண்டு. முதலாளிக்கு வயது அறுபது. பணம் குவிந்துவிட்டது, பெயரும் வந்துவிட்டது. அந்த வேளையிலே, விற்பனைக்குச் சென்ற ஊழியர்களிடம் வாடிக்கையாளர்கள் ஒரு கேள்வி கேட்கத் தொடங்கினர்: "உங்கள் நிறுவனம் இந்தப் பூமிக்கு என்ன செய்கிறது?"

என்ன விலை, எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்டால் விற்பனையாளர் விடை சொல்வார். இதற்கென்ன சொல்வார்? கேள்வி தலைமையகம் சென்றது. விடை தேட ஒரு குழு அமைந்தது. "குழுவிலே நீங்களே வந்து உரையாற்றுங்கள்" என்று முதலாளியை அழைத்தனர். சொல்வதற்கு அவரிடம் இருந்தது ஒன்றேயொன்று... "சட்டம் சொல்கிறபடி நடக்கிறோம்!"

நம் ஊர் அதிபரின் அதே விடை! கடல் மாறியது, கண்டம் மாறியது, வசனம் மாறவில்லை!

அந்த நேரத்திலே பால் ஹாக்கன் என்பவர் எழுதிய ஒரு நூல் அவர் மேசைக்கு வந்தது. வாணிபமும் இயற்கையும் பற்றிய நூல். புரட்டினார். அதிலே ஒரு தீவின் கதை. அலாஸ்காவுக்கு மேற்கே பெரிங் கடலிலே புனித மத்தேயு தீவு. 1944-ஆம் ஆண்டு அங்கே 29 கலைமான்களைக் கொண்டுபோய் விட்டனர். மேயப் பாசி ஏராளம். வேட்டையாட விலங்கு இல்லை. 1957-லே 1,350 ஆயின. 1963-லே 6,000 ஆயின. தின்றன, தின்றன, தீவு முழுதும் தின்று தீர்த்தன. அடுத்து வந்தது கடுங்குளிர். 1966-லே எண்ணியபோது உயிரோடிருந்தவை 42! பகைவன் வரவில்லை, படை வரவில்லை. பசிக்குத் தின்ற பாசியின் கணக்கைப் பாராததே பகையாயிற்று.

படித்த ஆண்டர்சன் கண்ணீர் விட்டார். நெஞ்சிலே ஈட்டி பாய்ந்தது போலிருந்தது என்று பின்னாளிலே பல மேடைகளிலே கூறினார். பூமியைச் சூறையாடுவோரிலே தாமும் ஒருவர் என்று, பங்குதாரர் கேட்க, பத்திரிகைக்காரர் கேட்க, பகிரங்கமாகவே ஒப்புக்கொண்டார்.

"முதலாளி அழுதாராம், நாடகக்காரன் நம்பிவிட்டானாம்!" என்று எவரேனும் எள்ளி நகையாடக்கூடும். தோழர்களே, மேடையிலே எத்தனையோ முறை அழுதவன் நான். கண்ணீருக்கு நான் மயங்குபவன் அல்லன். அழுதபின் அவர் என்ன செய்தார் என்பதைப் பாருங்கள். கணக்கெடுத்தார்!

1995-ஆம் ஆண்டு தம் நிறுவனம் சுமார் 80 கோடி டாலருக்குச் சரக்கு விற்றதற்காக, பூமியிலிருந்து எடுக்கப்பட்ட பொருள் எவ்வளவு என்று எண்ணச் செய்தார். 120 கோடி பவுண்டுக்கு மேல் என்று வந்தது! அதிலே மூன்றில் இரு பங்கு எண்ணெய், எரிவாயு, நிலக்கரி வகை. அதிலும் பெரும்பகுதி விரிப்பாகக்கூட ஆகாமல் எரிந்து புகையாயிற்று. பிறகு ஒரு நாள் குறித்தார்: 2020-ஆம் ஆண்டுக்குள் நிறுவனம் பூமிக்குச் செய்யும் கேட்டைச் சுழியமாக்குவது. எவரெஸ்டை விட உயர்ந்த மலை இது, ஏறவேண்டிய முகங்கள் ஏழு என்றார். கழிவு, புகை, எரிசக்தி, பொருளின் மறுபயன், போக்குவரத்து, மனிதரின் மனம், வாணிபத்தின் முறை ஆகியவையே அந்த ஏழு. பித்துப் பிடித்துவிட்டது என்றனர் சிலர். பங்கின் விலை என்னாகுமோ என்று பதைத்தனர் சிலர்.

முதலிலே கழிவைப் பிடித்தனர். எந்த நறுக்கு வீணாகிறது, எந்தக் குழாய் வீணாகத் திறந்து கிடக்கிறது என்பது குளிரூட்டிய அறையிலே இருப்பவருக்குத் தெரியாது. எந்திரத்தின் அருகே நிற்பவருக்குத் தெரியும். ஆகவே ஆலைகளிலே ஊழியர் குழுக்களை அமைத்து, வீணானது அத்தனையையும் கண்டெடுத்தனர். முதல் தரமாக அமையாத சரக்கு மட்டுமன்று, தவறாக அனுப்பிய பொதியும் கழிவே என்று எழுதினர். 1995 முதல் கழிவை ஒழித்ததிலே மிச்சமான தொகை 40 கோடி டாலருக்கு மேல் என்று 2009-லே ஆண்டர்சன் அறிவித்தார். ஆற்றைக் காத்தால் ஆலை அழியும் என்பார்க்கு அந்தத் தொகையே விடை!

அடுத்து, வடிவமைப்பாளர்களைக் காட்டுக்கு அனுப்பினர். "இயற்கை எப்படித் தரை விரிக்கிறது, பார்த்து வாருங்கள்!" சருகு கிடக்கிறது, கல் கிடக்கிறது, பாசி கிடக்கிறது, ஒன்றைப்போல் ஒன்றில்லை, ஆயினும் ஒழுங்கின்மையிலே ஓர் அழகு. 2000-ஆம் ஆண்டு அதேபோல் சதுரங்கள் செய்தனர், ஒவ்வொன்றும் சிறிது வேறுபடும்படி. எப்படித் திருப்பி வைத்தாலும் பொருந்தும். ஒன்று கெட்டால் ஒன்றை மட்டும் மாற்றலாம். சாயம் இம்மி வேறுபட்டதென்று தள்ளவேண்டியதில்லை. கழிவு குறைந்தது, விற்பனை பெருகியது. பின்னர், தரையிலே பசை பூசாமல், சதுரத்தைச் சதுரத்தோடு ஒட்டும் சிறு வில்லைகள் வந்தன. லாகிரேஞ்சின் குப்பைமேட்டிலிருந்து கிளம்பிய மீத்தேன் வாயு, ஆலையின் எரிபொருளாயிற்று. 2012 முதல், பிலிப்பைன்ஸ் தீவுகளின் மீனவர் கடலிலே எறிந்துவந்த பழைய நைலான் வலைகளை, லண்டன் விலங்கியல் சங்கத்தோடு சேர்ந்து விலைக்கு வாங்கச் செய்து, புதிய இழைக்கு மூலப்பொருளாக்கினர்.

தோல்வியும் உண்டு, மறைக்கமாட்டேன். விரிப்பை விற்காமல் வாடகைக்கு விட்டு, தேய்ந்ததும் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று ஒரு திட்டம் போட்டனர். அருமையான எண்ணம், ஆனால் வாங்குவோர் முன்வரவில்லை. திட்டம் படுத்துவிட்டது.

2011-ஆம் ஆண்டு ஆண்டர்சன் மறைந்தார். அவர் வகுத்த கணக்கு மறையவில்லை. 2019-லே, குறித்த நாளுக்கு முன்னதாகவே இலக்கை எட்டிவிட்டோம் என்று நிறுவனம் அறிவித்தது. ஆலைகளிலே, செய்த சரக்கின் அளவுக்கு வெளிவரும் கரியமில வாயு 1996-ஐ விட நூற்றுக்கு 96 பங்கு குறைந்தது என்றனர்.

கைதட்டப் போகிறீர்கள். சற்றுப் பொறுங்கள்! அதே அறிவிப்பிலே இன்னோர் எண் உண்டு. சதுர விரிப்பின் பிறப்பு முதல் இறுதி வரை சேர்த்துப் பார்த்தால் குறைந்தது நூற்றுக்கு 69 பங்கு. 96-க்கும் 69-க்கும் இடையே என்ன இருக்கிறது? மதிற்சுவர் இருக்கிறது, தோழர்களே! ஆலையின் மதிலுக்குள்ளே தூய்மை; மதிலுக்கு வெளியே, நூலையும் பிளாஸ்டிக்கையும் செய்து தருவோரிடத்திலே புகை இன்னும் எழுகிறது. அந்த மிச்சத்தை, வேறெங்கோ பிறர் குறைத்த புகைக்குப் பணம் கொடுத்து ஈடு செய்து, 'நிகரம் சுழியம்' என்று எழுதி வந்தனர். பாவம் இங்கே, பரிகாரம் அங்கே! அந்த ஈட்டு முறையைக் கைவிட்டு, 2040-க்குள் நேராகவே குறைப்போம் என்று 2024-ஆம் ஆண்டு அந்நிறுவனமே அறிவித்தது.

மற்றொன்றும் சொல்லவேண்டும். 2015, 2016-ஆம் ஆண்டுகளிலே சில காலாண்டு இலாபக் கணக்குகளைச் சரிக்கட்டியதாக அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் நடவடிக்கை எடுத்தது. குற்றத்தை ஏற்காமலும் மறுக்காமலும், 2020-லே 50 இலட்சம் டாலர் தண்டம் கட்ட உடன்பட்டது இதே நிறுவனம். பூமிக் கணக்கிலே பெயர் பெற்ற வீட்டிலும் பொருட்கணக்கைச் சோதிக்க வெளியாள் தேவைப்பட்டார்! நல்லவர் நடத்துகிறார் என்று நாம் நம்பி உறங்கலாகாது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

இனி நம் வீட்டுக்கு வருவோம். பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் கழிவை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கிலேதான், 1996-ஆம் ஆண்டு, கெடுத்தவரே ஈடு தரவேண்டும் என்ற நெறியை உச்ச நீதிமன்றம் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியென்று உரைத்தது. நொய்யலிலே பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தொட்டியாயிற்று. தண்ணீரைத் திறக்காதீர் என்று உழவரே மன்றாடும் விந்தை அங்கே நடந்தது! 2011 சனவரியிலே சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. அதன்பின், கழிவு நீரைச் சவ்வு வழியே அழுத்தி வடித்து, எஞ்சியதைக் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் மீண்டும் சாயத்துக்கே பயன்படுத்தும் முறையோடு ஆலைகள் திறந்தன. முடியாது என்றது முடிந்தது. ஆனால் மூடிய நாளிலே தொழிலாளி பட்டினி கிடந்தானே, நிலத்துக்குள் இறங்கிய உப்பு இன்னும் போகவில்லையே, அதற்கு யார் காரணம்? கேள்வியைக் காலத்திலே கேளாத நாமும் காரணம்!

லாகிரேஞ்சிலே மாற்றத்தைத் தொடங்கியது முதலாளியின் நெஞ்சம் என்பர். அதற்கும் முன்னே வந்தது வாடிக்கையாளரின் கேள்வி. வேலூரிலே வழக்காக வந்ததும் கேள்விதான். கேட்டவர் இருந்தார், விடை வந்தது.

ஆகவே உங்கள் ஊர் ஆலை வாயிலிலே நின்று மூன்று கேள்விகள் கேளுங்கள். கல்லெடுக்க வேண்டாம், கதவை உடைக்க வேண்டாம். எந்த ஆண்டிலிருந்து எவ்வளவு குறைத்தீர்கள்? மொத்தத்திலா, செய்த சரக்கின் அளவுக்கா? இது ஒன்று. அந்தக் கணக்கைச் சோதித்த வெளியாள் யார்? இது இரண்டு. உங்கள் மதிலுக்கு வெளியே, சரக்கு பிறக்குமிடத்திலும் சாகுமிடத்திலும் நடப்பதென்ன? இது மூன்று. விடை சொல்பவரைப் பாராட்டுங்கள். வாயில் மட்டும் பச்சை பூசி விளம்பரம் செய்பவரை மறுபடியும் கேளுங்கள். உள்ளே வேலை செய்யும் தோழரை உடன் அழைத்துக் கேளுங்கள். எந்தக் குழாய் எங்கே திறக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

அன்று இளநீர் தந்த அந்த அதிபரை மீண்டும் காணும் நாள் வரும். "ஆலை வேண்டுமா, ஆறு வேண்டுமா?" என்று அவர் கேட்பார். "இரண்டும் வேண்டும் ஐயா! இரண்டும் முடியும் என்று உங்களைப் போன்ற ஒருவரே கணக்கோடு காட்டியிருக்கிறார். உங்கள் கணக்கை எடுங்கள்!" என்பேன்.

அந்த ஊருக்கு மறுபடியும் நாடகத்துக்குப் போவோம், தோழர்களே! ஆட்டம் முடிந்து, அதே கிணற்றுத் தண்ணீரிலே அரிதாரம் கழுவும் நாள் வரும்வரை கேள்வியை நிறுத்தாதீர்கள்!