மருந்தில் கலந்திருப்பது என்ன?

(ஜும்ஆ பயானின் சுருக்கம்)

 

சத்து மாத்திரையைக் கொண்டு வந்து, "ஹஜ்ரத், இதன் உறை எந்தப் பிராணியின் ஜெலட்டின்? சாப்பிடலாமா?" என்று நம்மிடம் கேட்போர் பலர். ஜெலட்டின் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் தயாராவதால் அக்கேள்வி அவசியமானதே. ஆயினும் ஹலாலோடு 'தய்யிப்' என்னும் தூய்மையையும் பேண வேண்டியவர்கள் நாம். உறையோடு நின்றுவிடாமல், உள்ளே கலந்திருப்பதையும் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.

நோயைத் தீர்க்கும் பொருள் மருந்தில் பெரும்பாலும் சிறிதளவே. மாத்திரைக்கு உருவம் தரும் மாவு, டானிக்கிற்கு இனிப்பூட்டும் சார்பிட்டால், மருந்தைக் கரைக்கும் கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் ஆகியன துணைப்பொருட்கள். உரிய தரத்திலும் அளவிலும் இருந்தால் பெரும்பாலோருக்கு இவற்றால் தீங்கில்லை. நோயைத் தீர்ப்பவை அல்ல என்பதாலேயே இவற்றின்மீது நம் கவனம் செல்வதில்லை.

2025 அக்டோபரில் வெளிவந்த துயரத்தை நாம் மறக்கலாகாது. நமது காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட சிறு குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வில், அம்மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்படும் உச்ச அளவோ 0.1 சதவீதம்! மருந்துத் தரமற்ற கரைப்பானைச் சோதிக்காமல் சேர்த்ததே காரணம். உரிமையாளர் கைதானார், உரிமம் ரத்தானது. போன உயிர்கள் திரும்பவில்லை.

இதே நஞ்சு 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. 1972இல் நம் சென்னையிலேயே குழந்தைகளைப் பறித்தது. 1986இல் மும்பை மருத்துவமனையில் 14 பேரைக் கொன்றது. பாடம் பழையது, கற்காதவர்கள் நாம்.

எனவே தாய்மார்களே! மருத்துவர் சொல்லாமல் பிள்ளைகளுக்கு இருமல் மருந்தோ டானிக்கோ தராதீர்கள். இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு இருமல், சளி மருந்துகள் தரவே கூடாதென்பது மத்திய அரசின் அறிவுரை. பில் கேட்டு வாங்குங்கள். தொகுதி எண் உள்ள பாட்டிலைப் பத்திரப்படுத்துங்கள். மருந்து குடித்த குழந்தை வாந்தி எடுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, அந்தப் பாட்டிலுடன் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

நம்மூர் சிட்கோ தொழிற்பேட்டையிலும் பிற ஆலைகளிலும் பணிபுரியும் சகோதரர்களே! மூலப்பொருளைச் சோதிக்காமல் 'சரி' என்று கையெழுத்திடுவது அமானிதத்திற்குச் செய்யும் துரோகம். நாம் பார்த்திராத ஊரில், நாம் அறியாத ஒரு தாய், நம் கையெழுத்தை நம்பியே தன் பிள்ளையின் வாயில் அந்தக் கரண்டியை வைக்கிறாள்.