‘விஷ் யூ வேர் ஹியர்’: கேட்பதற்கு முன் சில வார்த்தைகள்
(நமது கம்யூனிட்டி ஹாலில் நடந்த இசை மாலையில் பேசியது)

ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவதாக செகரட்டரி சாரிடம் சொல்லியிருக்கிறேன். ஆல்பம் 44 நிமிடம்தான், பயப்பட வேண்டாம்.

பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் குழு 1975இல் வெளியிட்டது இது. குழுவை ஆரம்பத்தில் நடத்தியவர் சிட் பாரெட். பாட்டெழுதி, பாடி, கிதாரும் வாசித்தவர். மனநிலை குலைந்து அவரால் மேடையில் வாசிக்க முடியாமல் போக, 1968இல் அவரை விட்டுவிட்டுக் குழு தொடர்ந்தது. 1973இல் மற்ற நால்வருக்கும் உலகப் புகழ் வந்தது. அப்படி விட்டுவிட்டு வந்த நண்பனின் நினைவுதான் இந்த ஆல்பம்.

முதல் பாட்டில் குரல் வர எட்டு நிமிடத்துக்கு மேலாகும். அதற்கு முன் கிதாரில் நான்கே ஸ்வரங்கள் திரும்பத் திரும்ப வரும். யாரையோ கூப்பிடுவது போலிருக்கும் எனக்கு.

லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் இதன் வேலை நடந்தபோது, தலையும் புருவமும் மழித்த, பருத்த ஒருவர் வந்து நின்றார். யாரென்று சற்று நேரம் ஒருவருக்கும் தெரியவில்லை. பாரெட்! அடையாளம் தெரிந்ததும் ரோஜர் வாட்டர்ஸ் அழுதுவிட்டார்.

நடுவில் இசைக் கம்பெனிகளைச் சாடும் இரண்டு பாட்டுகள். இரண்டாவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அதற்கடுத்த தலைப்புப் பாட்டின் தொடக்கத்தைக் கவனியுங்கள். தூரத்து ரேடியோவில் ஒரு கிதார் கேட்கும். பிறகு நம் பக்கத்திலேயே உட்கார்ந்து அதோடு சேர்ந்து வாசிப்பது போல இன்னொன்று. இரண்டும் டேவிட் கில்மோர் வாசித்ததுதான். பாரெட்டின் இடத்துக்கு வந்த பழைய நண்பர் அவர்.

கடைசிப் பாட்டு தேய்ந்து மறையும்போது ரிச்சர்ட் ரைட் கீபோர்டில் ஒரு மெட்டைத் தொட்டுவிட்டுப் போவார். 1967இல் பாரெட் எழுதிய ‘சீ எமிலி பிளே’ பாட்டின் மெட்டு அது. ரொம்ப மெல்லியதாகத்தான் கேட்கும். அப்போது மட்டும் தயவுசெய்து யாரும் நாற்காலியை நகர்த்தாதீர்கள்.